இலவசச் சோதனையின் விலை

சில மாதங்களுக்கு முன்பு, திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எனது சொந்த ஊரில் கருப்பைவாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் ஒன்று நடைபெற்றது. ஓய்வுபெற்ற பேராசிரியர் என்ற முறையில் என்னையும் பேச அழைத்திருந்தனர். பந்தல், பதாகை, ஒலிபெருக்கி, வந்தவர்களுக்குத் தேநீர் என எதற்கும் குறைவில்லை. ஏறத்தாழ எண்பது பெண்கள் வந்திருந்தனர். நான் உள்பட ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நோய் எப்படி உண்டாகிறது, ஏன் முன்கூட்டியே கண்டறிய வேண்டும், சோதனை எவ்வளவு எளிது என்பதையெல்லாம் விளக்கினோம். அது முற்றிலும் இலவசம் என்பதை ஐந்து பேருமே அழுத்திச் சொன்னோம். கைதட்டலும் கிடைத்தது. விருப்பமுள்ளவர்கள் உள்ளே சென்று சோதனை செய்துகொள்ளலாம் என்று செவிலியர் அறிவித்தபோது எழுந்து சென்றவர்கள் பதினொரு பேர்.

கலைந்து சென்றவர்களில் ஒருவர், சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே நான் அறிந்தவர். இப்போது ஐம்பதை நெருங்கும் விவசாயக் கூலித் தொழிலாளி. "நீ ஏம்மா உள்ள போகல?" என்று கேட்டேன். "நான் நல்லாத்தான் இருக்கேன் டீச்சரம்மா. உள்ள போயி ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் என்னைய யாரு கூட்டிக்கிட்டு அலையறது?" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவள் நான். அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்றை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். சோதனைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், சோதனைக்கு விலை இல்லை என்பது உண்மையல்ல.

முதலில் நோயைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகள். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதே ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது இதுதான்.

ஏறக்குறைய எல்லா கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் எச்.பி.வி. எனப்படும் தீநுண்மி. அதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தத் தீநுண்மி பெரும்பாலானவர்களின் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிடும் சிலருக்கு, இயல்பான உடல்நலம் கொண்டவராயின், அது புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது விரைவாக நிகழக்கூடும்.

இந்த நீண்ட இடைவெளிதான் இந்நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. ஒரு பெண்ணுக்கு முப்பது வயதில் தோன்றும் மாற்றத்தை நாற்பது வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்; சில நிமிடங்களில் முடியும் எளிய சிகிச்சையால் புற்றுநோயே வராமல் தடுத்துவிடலாம். இத்தனை நெடிய அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. அந்த அவகாசத்தை வீணாக்கிவிட்டு ஆண்டுக்கு 80 ஆயிரம் பேரைப் பறிகொடுக்கிறோம் என்பதுதான் வேதனை.

சோதனையும் சிக்கலானதன்று. வி.ஐ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறையில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். மாற்றமடைந்த திசு இருந்தால் அது வெளிறித் தெரியும். அசிட்டிக் அமிலம் என்பது வேறொன்றுமில்லை. சமையலில் பயன்படும் வினிகரின் புளிப்புச் சத்துதான். ஆய்வகம் தேவையில்லை, மின்சாரம்கூட இன்றியமையாததன்று. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், நல்ல வெளிச்சமும், கதவைத் தாழிடக்கூடிய ஓர் அறையும் இருந்தால் போதும்.

இனி, எத்தனை பேர் இச்சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள்பட்ட இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் இது 9.8 சதவீதம். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வகுத்த இலக்கோ, 2030-க்குள் 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் தரமான சோதனைக்கு உட்பட வேண்டும் என்கிறது.

இந்த எண்களைக் காட்டி, "கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடிவுகட்டிவிடுவது எளிது. மேடைகளில் அப்படித்தான் பேசப்படுகிறது. ஆனால், அதே கணக்கெடுப்பை இன்னும் சற்று உற்றுப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். கிராமப்புறப் பெண்களில் சோதனை செய்துகொண்டவர்கள் 1.7 சதவீதம், நகர்ப்புறப் பெண்களில் 2.2 சதவீதம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அரை சதவீதம்தான். தொலைக்காட்சியும் இணையமும் மகப்பேறு மருத்துவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கும் நகரத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குமேல் சோதனை செய்துகொள்ளவில்லை. அறியாமைதான் காரணம் என்றால், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நானே சாட்சி. முனைவர் பட்டம் பெற்று, பொருளாதாரத் துறைத் தலைவராகப் பணியாற்றிய காலம் முழுவதும் இச்சோதனையை நான் செய்துகொண்டதில்லை. செய்துகொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னவர் எவரும் இல்லை. என் மதினியின் மரணத்துக்குப் பிறகுதான், ஐம்பத்தெட்டு வயதில், முதன்முறையாக அந்த மேசையில் படுத்தேன்.

மதினிக்கு விலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் இரத்தக்கசிவு தொடங்கியபோது, நின்றுபோனதே திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்தார். அண்ணனிடம் சொல்லவில்லை; மகளிடமும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு தோட்ட வேலையைப் பார்த்துவந்தார். இடுப்பு வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது நோய் மூன்றாம் கட்டத்தைத் தாண்டியிருந்தது. கதிர்வீச்சு, மருந்து, அலைச்சல் என்று ஓராண்டு கடந்தது. மகள் கல்லூரியிலிருந்து நின்றாள். கிணற்றடித் தோட்டத்தில் பாதி கைமாறியது. அதன் பிறகும் மதினி பிழைக்கவில்லை. அவருக்கு நாற்பது வயதாக இருந்தபோது ஒரு செவிலியர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

தமிழ்நாட்டின் 9.8 சதவீதம், இலக்குக்கு வெகு தொலைவில் இருந்தாலும், தேசிய சராசரியைப் போல் ஐந்து மடங்கு. தமிழ்ப் பெண்களுக்குப் பிற மாநிலப் பெண்களைவிட ஐந்து மடங்கு விழிப்புணர்வு இருக்கிறது என்றா இதற்குப் பொருள்? காரணம் வேறு. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின்கீழ், தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. பின்னர் 2012 முதல் அது மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கெனச் செவிலியர் அமர்ந்தார். வேறு காரணத்துக்காக வந்த பெண்ணிடம், "இதையும் பார்த்துக்கொண்டு போங்கள்" என்றார். தேவை தானாகப் பிறந்துவிடவில்லை. அளிப்பு இருந்த இடத்தில் தேவையும் உருவாயிற்று.

இதற்கு இன்னும் வலுவான சான்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 2000-ஆவது ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றில் 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுக்குள்பட்ட பெண்களுக்கு வி.ஐ.ஏ. சோதனைக்கான அழைப்பு விடுக்கப்பட்டது. தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து சோதனை செய்துகொண்டனர். அதாவது, நூற்றுக்கு 63 பேருக்குமேல். ஆய்வின் முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. சோதனை நடந்த பகுதிகளில் நோய் ஏற்படுவது 25 சதவீதமும், நோயால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன.

கால் நூற்றாண்டுக்கு முன்பு, கைப்பேசி இல்லாத காலத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நூற்றுக்கு 63 பேர் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். இன்று எண்பது பேர் கூடிய முகாமில் பதினொரு பேர் எழுந்து போகிறார்கள். பெண்கள் மாறிவிட்டார்களா? இல்லை, அவர்கள்முன் வைக்கப்பட்டது மாறியிருக்கிறது. அன்று ஊழியர்கள் வீட்டுக்கு வந்து தனித்தனியே பேசி அழைத்தனர். சோதனை செய்தவர் பயிற்சி பெற்ற செவிலியர். மாற்றம் தென்பட்டால் அதே வருகையிலேயே மேற்சோதனை செய்து, தகுதியானவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையையும் அளித்துவிட்டனர். "அப்புறம் யார் கூட்டிக்கொண்டு அலைவது?" என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்தது.

நிதியும் மேற்பார்வையும் தாராளமாகக் கிடைக்கும் ஓர் ஆய்வை, ஆயிரம் பணிச்சுமைகளுக்கு இடையில் இயங்கும் அரசு சுகாதார நிலையத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. அதே அளவு வருகையை உடனே எதிர்பார்க்க முடியாது. ஆனால், 63-க்கும் 10-க்கும் இடையே உள்ள தொலைவைப் பெண்களின் அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் நிரப்பிவிடவும் முடியாது.

இந்த ஆய்வுக்கு ஓர் அறக் கோணமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, ஒரேயொரு முறை எச்.பி.வி. சோதனை செய்வதன் மூலம் இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கலாம் என்று காட்டியது. இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகச் சோதனை அளிக்கப்படாத பிரிவும் இருந்தது. அது முறையா என்ற விவாதம் பின்னர் கடுமையாக எழுந்தது. உலகம் முழுவதும் இன்று மேற்கோள் காட்டப்படும் அறிவு, திண்டுக்கல், உஸ்மானாபாத் பகுதிகளின் ஏழைப் பெண்கள் தந்தது. அவர்களின் மகள்களுக்கு அந்த அறிவின் பயன் இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. இது நாம் தீர்க்க வேண்டிய கடன்.

இனி, அந்தப் பெண்மணி கேட்ட விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். சோதனைக்கு ஒரு நாள். மாற்றம் தென்பட்டால் மேற்சோதனைக்கு மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள். முடிவு வாங்க ஒரு நாள். சிகிச்சைக்கு ஒரு நாள். பின்தொடர்வுக்கு ஒரு நாள் என ஐந்து நாள் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் துணைக்கு ஒருவர் வர வேண்டும். பத்து நாள் கூலி, 3,360 ரூபாய். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆனால், வெளியூர்ப் பேருந்துக்கும், துணைக்கு வரும் ஆணுக்கும், சாப்பாட்டுக்கும் செலவு உண்டு. மகளிர் உரிமைத்தொகை மூன்று மாதங்களுக்குக் கிடைப்பது 3,000 ரூபாய். இந்த 'இலவச'ச் சோதனை அதையும் விஞ்சிய செலவை அவர் தலையில் ஏற்றக்கூடும். சோதனை செய்துகொள்வோரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது என்பது நமக்குத் தெரியும். தமக்கு இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கணக்கு. கையிருப்பு இல்லாத குடும்பம் எப்போதும் மோசமான விளைவை வைத்தே கணக்குப் போடும்.

பணத்தில் அளக்க முடியாத விலையும் இருக்கிறது. முகாமில் சோதனை நடந்த அறை, பொருள்கள் அடுக்கிவைக்கும் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு திரைச்சீலை தொங்கியது. வெளியே ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தனர். உள்ளே போய் வரும் பெண் யார் என்பதை ஊரே பார்க்கும். இது உடலுறவு வழியே பரவும் தீநுண்மி என்று மேடையில் விளக்கிய நாங்களே, அந்த வாசலைக் கடப்பதை இன்னும் கடினமாக்கிவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. திருமணமான யாருக்கும் சாதாரணமாக ஏற்படக்கூடிய தொற்று இது. யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது விலை அச்சம். "கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்" என்ற பேச்சு கிராமங்களில் பரவலாக உண்டு. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக 2019-இல் எழுந்த புகார் நாடறிந்தது. ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குள்பட்ட இந்தியப் பெண்களில் கருப்பை அகற்றப்பட்டவர்கள் மூன்று சதவீதத்துக்கும் மேல். கருப்பை வாயைச் சோதித்துப் பார்த்துக்கொண்ட பெண்களின் விகிதத்தைவிடக் கருப்பையையே இழந்த பெண்களின் விகிதம் அதிகமாக உள்ள நாட்டில், அந்த அச்சத்துக்கு நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் விழிப்புணர்வுப் பிரசாரமே வேண்டாமா? வேண்டும். மகாராஷ்டிரத்தின் பார்சி பகுதியில் 1987-இல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டு, ஊழியர்கள் ஊர்தோறும் சென்று அறிகுறிகளைப் பற்றி மக்களிடம் பேசினர். சில ஆண்டுகளில் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்பைவிடத் தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுவது அதிகரித்தது. என் மதினிக்கு அந்த அறிவு கிடைத்திருந்தால் ஒன்றரை ஆண்டு காத்திருந்திருக்க மாட்டார். ஆகவே விழிப்புணர்வுக்குப் பயன் உண்டு. எந்த விழிப்புணர்வு, யார் வாயிலாக, எந்தச் சேவையோடு சேர்த்து என்பதே கேள்வி.

2024 பிப்ரவரியில், இந்நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காக என்று கூறி நடிகை ஒருவர் தாம் இறந்துவிட்டதாகவே செய்தி பரப்பினார். இரண்டு நாள்கள் நாடெங்கும் அதே பேச்சு. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. பரபரப்பு வேறு, விழிப்புணர்வு வேறு.

நம் மாநிலத்திலேயே நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தந்தது. தனியாக ஒரு பெண் மிதிவண்டி ஏறினால் ஊர் சிரித்திருக்கும். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து ஏறியபோது ஊர் ஒதுங்கி வழிவிட்டது. கூச்சம் என்பது தனியாள் சுமக்கும்போதுதான் கனம். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. கடன் தவணையைப் பற்றித் தயக்கமின்றிப் பேசும் அந்தப் பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட வட்டம்தான் வெள்ளைப்படுதலைப் பற்றியும் பேசக்கூடிய இடம். குழுவாகவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு குழுவாகவே சோதனைக்குப் போகச் செய்வது, பத்து மேடைப் பேச்சுகளைவிடப் பயன்தரும்.

அந்த வட்டத்தில் சொல்ல வேண்டிய செய்திகள் மூன்றே மூன்று. ஒன்று, வலியோ கசிவோ இல்லாதபோதுதான் இந்தச் சோதனை தேவை. அறிகுறி தென்படும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு, சோதனையில் மாற்றம் தென்பட்டால் அது புற்றுநோய் என்று பொருளல்ல; புற்றுநோய் வராமல் தடுக்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள். மூன்று, தொடக்க நிலைச் சிகிச்சையில் கருப்பையை எடுப்பதில்லை. இந்த மூன்றையும் மருத்துவர் சொல்வதைவிட, முன்பே சோதனை செய்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் எடுபடும். ஆண்களிடமும் இதைச் சொல்ல வேண்டும். கூலியை விட்டுவிட்டுப் போக அனுமதிப்பதும், துணைக்கு வருவதும், வீட்டில் பேச்சைத் தொடங்க இடம் கொடுப்பதும் பல வீடுகளில் இன்னும் அவர்கள் கையில்தான் உள்ளன.

அரசு செய்ய வேண்டியவை பற்றிச் சில யோசனைகள். முதலாவது, சோதனையையும் சிகிச்சையையும் கூடியவரை ஒரே வருகையில் முடிப்பது. உறைகுளிர் சிகிச்சைக்கும் வெப்பச் சிகிச்சைக்கும் உரிய கருவிகள் இன்று கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியவையாக வந்துவிட்டன. வட்டாரத்துக்கு ஒரு மையத்திலேனும் அவையும் பயிற்சி பெற்றவரும் இருந்தால், மாவட்டத் தலைநகருக்கு அலையும் தேவை பெரும்பாலும் நீங்கும். அப்படியும் மேல்சிகிச்சைக்குப் போக வேண்டியவருக்கு, வாகனமும் துணைக்கு ஒரு சுகாதாரத் தன்னார்வலரும் இழந்த கூலிக்கு ஈடும் தர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் முற்றிய நோய்க்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை வழங்குகிறது. நோய் வராமல் தடுக்கச் சில ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே செலவிடுவது இரக்கத்தால் செய்ய வேண்டியதுகூட இல்லை. சாதாரணக் கணக்கறிவே போதும்.

இரண்டாவது, எச்.பி.வி. சோதனைக்குப் படிப்படியாக மாறுவது. வி.ஐ.ஏ. எளியது, மலிவானது, ஆனால், பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் சார்ந்தது. இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டிவிடக்கூடியது. எச்.பி.வி. சோதனை கூடுதல் நம்பகமானது. பெண்ணே தனியாகத் தம் மாதிரியை எடுத்துத் தரலாம் என்பதால் கூச்சம் என்ற தடையும் பெருமளவு விலகும். ஆஸ்திரேலியா 2022 முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பை வழங்குகிறது. இதற்கு ஆகும் செலவுதான் தடை என்பார்கள். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதல் மூலம் மருந்து விலையைக் குறைத்து நாட்டுக்கே வழிகாட்டியது. பெரிய அளவில் வாங்குபவருக்கு விலையைப் பேசும் வலு உண்டு என்ற பாடம் சோதனைக் கருவிகளுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம். இத்தனை ஆயிரம் பேருக்குச் சோதனை என்ற இலக்கை மட்டும் ஊழியர்மீது சுமத்தினால், எண்ணிக்கை வரும், பயன் வராது. மாற்றம் தென்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது, எத்தனை பேர் பாதியில் நின்றுபோயினர் என்பதை வட்டாரவாரியாக வெளியிட வேண்டும். சோதனை செய்துவிட்டு, மாற்றம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, பிறகு கைவிடுவது, சோதனையே செய்யாமலிருப்பதைவிடக் கொடியது. அப்படிக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கதை, அந்த ஊரில் அடுத்த பத்தாண்டுகளுக்கு எல்லா விழிப்புணர்வையும் அழித்துவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டுவாசலுக்கே செல்கிறது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் சமுதாய அளவிலான சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாக மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை, 2019-21-க்குப் பிறகு நம் நிலை மேம்பட்டிருக்கும் என்று நம்பவும் இடமுண்டு. ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்று தடுப்பூசி பெறும் சிறுமிக்கு அதன் பலன் முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரியும். இன்று முப்பதும் நாற்பதும் ஐம்பதுமாக இருக்கும் அவளுடைய தாய்க்கும் அத்தைக்கும் தடுப்பூசியால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்குச் சோதனை ஒன்றே காப்பு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், அடையாறில் 1954-இல் ஒரு மருத்துவமனையாக எழுப்பினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எல்லோராலும் மருத்துவமனை எழுப்ப முடியாது. ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல எல்லோராலும் முடியும்.

முகாம் முடிந்த மறு மாதம், கூலி வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து அந்தப் பெண்மணியை நானே அழைத்துக்கொண்டு போனேன். தாழ்ப்பாள் உள்ள அறை. பொறுமையாகப் பேசிய செவிலியர். பத்து நிமிடங்களில் முடிந்துவிட்டது. மாற்றம் ஏதும் இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், இறங்கும்போது கேட்டார்: "எங்க தெருவுல இன்னும் நாப்பது பேரு இருக்காளுகளே, அவுகள யாரு டீச்சரம்மா கூட்டிட்டு வருவா?"

அந்தக் கேள்விக்கு அரசும் சமூகமும் சேர்ந்து சொல்லும் விடைதான் உண்மையான விழிப்புணர்வு.